வாசல் வளைவுக்கும் சுவர்த் தட்டிக்கும் என்ன சட்டம், என்ன கொடி?

வாசல்பந்தல்:

வணக்கம். முன்புறத் தோட்டத்தில் இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது, 1.2 மீட்டர் அகல நடைபாதையின் நுழைவில் கொடி ஏற்ற ஒரு வளைவு. அங்கே ஆறு மணி நேரத்துக்கு மேல் நேர் வெயில் விழும். இரண்டாவது, வலப்பக்கச் சுற்றுச்சுவர். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம், பார்க்க மொட்டையாக நிற்கிறது. அதில் தட்டி அடித்துக் கொடி படர விட வேண்டும். சுவருக்குக் காலையில் மூன்று மணி நேர வெயில்தான், பிறகு நிழல். மண் களி, நல்ல மழை பெய்தால் ஒரு நாள் தண்ணீர் தேங்கும்.

வளைவுக்கு இரும்பு, மரம், மூங்கில் இதில் எது சரி? ஒரு பக்கம் காகிதப்பூ, எதிர்ப்பக்கம் ரங்கூன் மல்லி வைத்து மேலே இரண்டையும் சேர்த்துவிடலாமா? தட்டியைச் சுவரோடு ஒட்டியே அடிக்கலாமா, இடைவெளி வேண்டுமா? கடைசியாக, பல இடங்களில் பார்ப்பது: உச்சியில் மட்டும் பூக்கூட்டம், கண்ணுக்கு எட்டும் உயரத்தில் வெறும் குச்சி. அது ஏன் அப்படி ஆகிறது, எப்படித் தவிர்ப்பது?

சட்டமும்_ஆணியும்:

முதல்ல அளவைச் சரிபண்ணிக்குங்க. பாதை 1.2 மீட்டர்னா வளைவோட உள் அகலமும் 1.2 வைக்கக் கூடாது. கொடி நல்லா வந்த பிறகு ஒவ்வொரு பக்கமும் 15 சென்டிமீட்டர் தடிமனுக்கு இலை உள்ளே தள்ளும். மிச்சம் 90 சென்டிமீட்டர்ல குடை பிடிச்சிட்டுப் போக முடியாது. காலுக்குக் கால் உள் அகலம் 1.5 மீட்டர், தரையிலிருந்து உத்திரத்தோட அடிப்பாகம் வரைக்கும் 2.4 மீட்டர், முன்கால்-பின்கால் வெளி அளவு 60 சென்டிமீட்டர். 2.1 மீட்டர் உயரம் போதும்னு சொல்வாங்க. தொங்கற தளிர் 30 சென்டிமீட்டர் எடுத்துக்கும், அப்புறம் தினமும் தலையில இடிக்கும்.

என் ஓட்டு ஜி.ஐ. (துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு) சதுரப் பைப்புக்கு. அரை வட்டமா வளைக்காம மேல்பாகத்தைத் தட்டையா விடுங்க. பைப் வளைக்க மெஷின் வேணும், வளைச்ச இடத்துல துத்தநாகப் பூச்சு வெடிக்கும். ரெண்டே வருஷத்துல கொடி மூடிடும், அப்புறம் வளைவா தட்டையானு யாருக்கும் தெரியாது.

வெட்டுக் கணக்கு இப்படி. 50க்கு 50 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் கனம், 6 மீட்டர் நீளப் பைப் மூணு. முதல் ரெண்டுல மும்மூணு மீட்டரா நாலு கால். மூணாவதுல 1.6 மீட்டர் உத்திரம் ரெண்டு, அதுங்களைச் சேர்க்க 50 சென்டிமீட்டர் துண்டு ரெண்டு, மிச்சம் 1.8 மீட்டர்ல 42 சென்டிமீட்டர் துண்டு நாலு. இந்த நாலும் கால்-உத்திர மூலையில 45 டிகிரில வைக்கிற முட்டு. கட்டிங் வீல் தின்கிறதும் சேர்த்து 5.9 மீட்டர்ல முடிஞ்சிடும். பக்கக் குறுக்குச் சட்டத்துக்கும் மேல் பட்டைக்கும் 25 மில்லிமீட்டர் சதுரப் பைப், 1.5 கனம், ஒரு 6 மீட்டர் போதும்: ஒவ்வொரு பக்கமும் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர்ல ஒண்ணு, 1.2 மீட்டர்ல ஒண்ணு. மேலே 30 சென்டிமீட்டர் இடைவெளியில நாலு. எல்லாமே அரை மீட்டர் துண்டு, மொத்தம் எட்டு, ஆக 4 மீட்டர். பக்கச் சட்டங்களுக்கு நடுவுல 12 கேஜ் ஜி.ஐ. கம்பி ரெண்டு வரிசை செங்குத்தா இழுத்துக் கட்டுங்க.

அந்த மூலை முட்டை மட்டும் 'அழகா இல்லை'னு விட்டுடாதீங்க. இலை மூடின வளைவு காத்துல பாய் மாதிரி. மணிக்கு 90 கிலோமீட்டர் காத்துன்னா நொடிக்கு 25 மீட்டர். சதுர மீட்டருக்கு 375 நியூட்டன் அழுத்தம், கிட்டத்தட்ட 38 கிலோ எடை. உங்க வளைவோட ஒரு பக்கம் 60 சென்டிமீட்டருக்கு 2.4 மீட்டர், அதாவது 1.44 சதுர மீட்டர். ரெண்டு பக்கமும் சேர்த்தா 110 கிலோ பக்கவாட்டுல தள்ளும். இலைக்கு நடுவுல காத்து புகுந்து போகும்கிறதால கொஞ்சம் குறையும், ஆனா மழையில நனைஞ்ச கொடியோட எடை மேலே உட்கார்ந்திருக்கும். முட்டு இல்லாத சட்டம் இங்கதான் இணைகரமா சாயும். வெல்டிங் விடாது, மூலை மடங்கும்.

அஸ்திவாரம்: 30க்கு 30 சென்டிமீட்டர், 70 ஆழம், நாலு குழி. அடியில 10 சென்டிமீட்டர் ஜல்லி. காலோட அடிமுனை அந்த ஜல்லி மேலேயே உட்காரணும், அப்பதான் பைப்புக்குள்ள சேர்ற ஈரம் வடியும். அதுக்கு மேல 60 சென்டிமீட்டர் 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட். நாலு குழிக்கும் சேர்த்து 0.216 கன மீட்டர். 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒண்ணரை வாங்குங்க, மணல் 95 லிட்டர், ஜல்லி 190 லிட்டர் சுமாரா ஆகும். ஒவ்வொரு கட்டியும் 130 கிலோ வரும், காத்துக்கு எதிரா நிக்கிறது அந்த எடைதான். கான்கிரீட்டோட தலையைத் தரையைவிட 3 சென்டிமீட்டர் மேலே கொண்டுவந்து நாலு பக்கமும் சரிவா பூசுங்க. மண்ணும் காத்தும் சேர்ற அந்த ஒரு விரல்கடை இடத்துலதான் இரும்புக் கால் எப்பவும் அறுந்து விழும்.

சட்டத்தை முழுசா வெல்ட் பண்ணி, நிறுத்தி, தூக்குக்குண்டு பார்த்து, சாரக்குச்சி முட்டுக் கொடுத்த பிறகுதான் கான்கிரீட் ஊத்தணும். ஒவ்வொரு காலா ஊத்திட்டு மேலே உத்திரம் வைக்கப் போனா ஒரு மூலை எப்பவும் 2 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும். ஏழு நாள் ஈரச்சாக்கு.

வெல்ட் வைக்கிற இடத்துல துத்தநாகப் பூச்சை முதல்ல கிரைண்டர்ல எடுத்துடுங்க. எரிஞ்சா வர்ற வெள்ளைப் புகை காய்ச்சல் கொண்டுவரும், திறந்த வெளியிலதான் வேலை செய்யணும். வெல்ட் ஆறினதும் கசடு தட்டி, கம்பி பிரஷ் போட்டு, துத்தநாகம் கலந்த பிரைமர் ரெண்டு கை. சாதா ரெட் ஆக்ஸைடு மட்டும் அடிச்சா வெல்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு வருஷத்துலயே பழுப்புக் கோடு இறங்கும். உத்திரத்தோட நாலு வாயையும் தகடு வச்சு அடைச்சிடுங்க. திறந்து விட்டா மழைத்தண்ணி உள்ளே தங்கும், கொசுவும் வளரும், உள்ளிருந்தே துருவும் ஏறும்.

மரம் பிடிக்கும்னா தேக்குக் கால், ஆனா மண்ணுக்குள்ள இறக்காம கான்கிரீட்டுல பதிச்ச இரும்பு லாடத்துல போல்ட் போட்டு, தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் தூக்கி நிறுத்துங்க.

மூங்கில் பார்க்க அழகுதான். பக்குவம் பண்ணாத மூங்கில் மண்ணுல நட்டா ஒண்ணு ரெண்டு வருஷம், கொடி முழுசாப் படர்ற நேரத்துல கால் இத்துப்போகும். 100 லிட்டர் தண்ணிக்கு 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் ஆசிட் கரைச்சு, கணு எல்லாத்தையும் நீளக் கம்பியால குத்தி ஓட்டை போட்டு, ஒரு வாரத்துக்கு மேல ஊறவச்சா வண்டு துளைக்காது. ஆனா அந்த மருந்து மழையில கரைஞ்சு போயிடும், மண்ணைத் தொடற காலுக்குப் பயன் இல்லை. மீந்த கரைசலைத் தோட்டத்துல கொட்டவே கூடாது, போரான் மிஞ்சினா செடி கருகும். அதனால இரும்புக் கால், மேலே அலங்காரத்துக்கு மூங்கில் பட்டை. பட்டை போனா மாத்திக்கலாம்.

கொடிக்கால்:

சட்டத்தை முடிவு செய்துவிட்டுக் கொடியைத் தேடுவது தலைகீழ் வழி. கொடி எதைக் கொண்டு பற்றுகிறது என்று பார்த்த பிறகே கம்பியின் தடிமனும் இடைவெளியும் முடிவாக வேண்டும்.

தண்டாலேயே சுற்றி ஏறுபவை உண்டு: சங்குப்பூ, பீன்ஸ், தன்பெர்ஜியா. இவற்றுக்குச் செங்குத்துக் கம்பியோ கயிறோ வேண்டும். கிடைமட்டக் கம்பியை மட்டும் கொடுத்தால் நுனி அந்தரத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். பற்றுக்கம்பி விடுபவை: பாகல், புடலை, பாஷன் ஃப்ரூட், கோரல் வைன், பூண்டுக்கொடி. இந்தப் பற்றுக்கம்பிகள் பென்சில் தடிமனுக்கு மேல் போன எதையும் பிடிக்கத் திணறும். 50 மில்லிமீட்டர் இரும்புக் காலைப் பாகல் பற்றாமல் நழுவுவது செடியின் குறையல்ல. வேரால் ஒட்டுபவை: வெற்றிலை, மனிபிளாண்ட், சுவரோடு படியும் சிற்றிலை அத்தி. நான்காவது, பற்றவே தெரியாதவை: காகிதப்பூ, கொடி ரோஜா, அலமண்டா, முல்லை. முள்ளையோ நீண்ட கிளையையோ அண்டையில் உள்ளதன் மேல் சாய்த்து மேலே போகும், அவ்வளவுதான். இவற்றைக் கட்டித்தான் ஏற்ற வேண்டும். 'காகிதப்பூ வளைவில் ஏறவில்லை' என்ற புகார் பாதி இதனால் வருவது.

உங்கள் ஜோடிக்கு என் பதில், வேண்டாம். இரண்டும் வெயிலில் வெறி கொண்டு வளர்பவை. மேலே சேர்ந்ததும் ரங்கூன் மல்லியின் இலை காகிதப்பூவை நிழலாக்கும். காகிதப்பூவோ நிழலில் பூக்காது, முள்ளும் இலையுமாக நிற்கும். தண்ணீரிலும் இரண்டும் ஒத்துவராது. காகிதப்பூ வேர் பிடித்த பிறகு மண் நன்றாகக் காய்ந்த பின் தண்ணீர் கொடுத்தால்தான் நிறம் காட்டும். ரங்கூன் மல்லிக்குச் சீரான ஈரம் பிடிக்கும். அடுத்து, 1.2 மீட்டர் பாதையின் தோள் உயரத்தில் காகிதப்பூ முள் என்பது தினசரி வம்பு. ரங்கூன் மல்லியும் சாது அல்ல, இலை உதிர்ந்த பிறகு காம்பின் அடி கெட்டியாகி முள் போல நின்றுவிடும்.

ஒரு வளைவுக்கு ஒரே இனம், இரண்டு பக்கமும். இந்த அளவுக்கு நான் சொல்வது பூண்டுக்கொடி, அல்லது மணம் வேண்டுமென்றால் முல்லை. பூண்டுக்கொடிக்கு முள் இல்லை, இலையைக் கசக்கினால்தான் பூண்டு வாசம், பூ ஊதாவில் தொடங்கி வெளிறி வெண்மைக்கு வரும். ஒரே கொத்தில் மூன்று நிறம் நிற்கும்.

காகிதப்பூதான் வேண்டும் என்றால் தனியாக வேறொரு வெயில் மூலையில், பாதையைத் தொடாமல் வையுங்கள். கோரல் வைனை மட்டும் தரையில் நட வேண்டாம். கிழங்கு விட்டுப் பக்கத்துத் தோட்டம் வரை போகும். பல நாடுகளில் அது களையாகவே ஆகிவிட்டது.

சுவர்ப் பக்கம் மூன்று மணி நேரக் காலை வெயிலுக்கு மனோரஞ்சிதம். 3 மீட்டர் சுவருக்கு ஒரே செடி, நடுவில். அதன் பூக்காம்பே வளைந்த கொக்கியாக மாறிப் பற்றிக்கொள்ளும். பூ பச்சையாக இலைக்குள் ஒளிந்திருக்கும், மஞ்சளாகும்போதுதான் மணம் காட்டிக்கொடுக்கும். மெதுவாகவே வரும், அதனால் முதல் வருடம் இரு ஓரங்களிலும் சங்குப்பூ விதையுங்கள். விதையை இரவு முழுக்க ஊறவைத்து, 2 சென்டிமீட்டர் ஆழத்தில், ஓரத்துக்கு நான்கு. சிறிய தட்டியை ஒரு பருவத்திலேயே மூடும்; அவரைக் குடும்பம் என்பதால் தழைச்சத்து உரம் தேவையில்லை, போட்டால் இலைதான் கொழுக்கும்.

களிமண்ணுக்கு ஓர் எச்சரிக்கை. குழி வெட்டி அதற்குள் மட்டும் மணலும் உரமும் நிரப்பினால் அது களிக்குள் பதித்த தொட்டி. சுற்றியுள்ள தண்ணீர் எல்லாம் அதில் வந்து தேங்கும், வேர் அழுகும். முதலில் 30 சென்டிமீட்டர் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். 24 மணி நேரத்தில் வடியவில்லை என்றால் மேட்டுப் பாத்திதான். தரைக்கு மேல் 25 சென்டிமீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம், இருக்கும் மண்ணையே இரண்டு பங்கும் தொழுஉரம் ஒரு பங்கும் கலந்து. அடி மண்ணைக் கடப்பாரையால் நெம்பிவிட்டு அதன் மேல் போடுங்கள்.

செடியைக் காலின் அடியிலேயே நடக் கூடாது. காலைச் சுற்றிக் கான்கிரீட், சுவரடியில் அஸ்திவாரமும் உதிர்ந்த சுண்ணாம்பும். 40 சென்டிமீட்டர் தள்ளி நட்டு, தண்டைச் சட்டத்தை நோக்கிச் சாய்த்து, ஒரு குச்சி வழியாகக் கொண்டுவாருங்கள். நரம்பு பச்சையாக இருக்க, புது இலை மட்டும் மஞ்சளானால் சிமென்ட் நீர் மண்ணைக் காரமாக்கி இரும்புச்சத்தைப் பூட்டிவிட்டது என்று பொருள். முல்லையில் இது சீக்கிரம் தெரியும்.

முல்லைத்தேர்:

கொடிக்கால் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். கவாத்து செய்யக் கை கூசாதவர்களுக்கு ரங்கூன் மல்லி இந்த வளைவில் நன்றாகவே நிற்கும், இரண்டு பக்கமும் அதையே வைத்தால். புதுக் கிளையில் பூப்பது அது. ஒவ்வொரு பூச்சுற்று முடிந்ததும் பூத்த கிளையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் மறு சுற்று வந்துவிடும். தரையிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை பிடுங்க வேண்டும். வெட்டினால் போதாது, வெட்டின இடத்தில் இரண்டாக வரும். சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, அடுத்த நாள் இளஞ்சிவப்பு, பிறகு சிவப்பு. இரவு மணத்துக்காகவே அதை வாசலில் வைப்பவர்கள் உண்டு.

இனி 'கீழே குச்சி, மேலே பூ' கேள்வி. உரம், மருந்து, தண்ணீர் எதுவும் இதற்குத் தீர்வல்ல. வளரும் நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தண்டு வழியே கீழே இறங்கி, கீழ்க் கணுக்களில் உள்ள மொட்டுகளைத் தூங்க வைக்கிறது. தண்டு நேராக மேலே போகும் வரை இந்த அடக்குமுறை முழுதாக நடக்கும். தண்டைச் சாய்த்தால் தளரும். கிடையாகக் கட்டினால் ஒவ்வொரு கணுவிலும் மேல்பக்க மொட்டு விழித்துக்கொள்ளும். நம் வேலை அந்தத் தண்டை மேலே போகும் அவசரத்திலிருந்து தடுப்பதுதான்.

வளைவில் செய்வது இது. செடி 30 சென்டிமீட்டர் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். மூன்று நான்கு கிளை வரும், வலுவான மூன்றை வையுங்கள். நேராக ஏற்றாமல், அரை மீட்டர் அகலப் பக்கச் சட்டத்தில் பாம்பு போல நெளித்து ஏற்றுங்கள்: முன்காலிலிருந்து பின்காலுக்குச் சாய்வாக, அங்கிருந்து திரும்பி முன்காலுக்கு. ஒரு திருப்பத்துக்கும் அடுத்ததற்கும் உயர வித்தியாசம் 30 சென்டிமீட்டர். உச்சியைத் தொட இரு மடங்கு காலம் பிடிக்கும். பொறுக்க முடியாமல் ஒரு கிளையை மட்டும் நேராக விட்டால் மற்ற இரண்டும் நின்றுவிடும், அதுவே எல்லாச் சத்தையும் இழுத்துக்கொள்ளும்.

வளைக்க ஏற்ற தண்டு பென்சில் தடிமன், தோல் இன்னும் பச்சை. பழுப்பேறிய தண்டு ஒடியும். முன்தினம் தண்ணீர் விட்டு, மறுநாள் மதியத்துக்குப் பிறகு வளையுங்கள். விடியலில் தண்டு நீர் ஏறி விறைத்திருக்கும், படக்கென்று முறியும். இரண்டு கட்டைவிரலையும் தண்டின் உட்பக்கம் சேர்த்து வைத்து, ஒவ்வொரு அங்குலமாக நகர்த்தி வளைத்தால் வளைவு பரவலாக விழும். ஒரே புள்ளியில் மடக்கினால் அங்கே தோல் சுருங்கி வெள்ளைக் கோடு தெரியும். அதைக் கண்டதும் நிறுத்திவிட்டு, அந்த நிலையிலேயே கட்டி, பத்து நாள் கழித்து மீதியை வளையுங்கள்.

தண்டால் சுற்றும் கொடியை நீங்களே சுற்றிவிடும்போது திசை முக்கியம். பெரும்பாலானவை மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும், பீன்ஸ் அப்படித்தான். எதிர்த்திசையில் சுற்றிக் கட்டினால் நுனி தன் வழியே அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்து நிற்கும். ஒரு நாள் விட்டுப் பார்த்தாலே அதன் திசை தெரிந்துவிடும்.

கட்டு எப்போதும் எட்டு வடிவில்: கம்பியைச் சுற்றி ஒரு முடிச்சு, நடுவில் ஒரு குறுக்கு, பிறகு தண்டைச் சுற்றித் தளர்வாக. தண்டுக்கும் கட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைய வேண்டும். சணல், பழைய பருத்தித் துணிப் பட்டை, சைக்கிள் டியூப் கீற்று எல்லாம் சரி. கட்டுக்கம்பியும் நைலான் நரம்பும் கூடாது. தண்டு பருக்கும்போது அவை தோலுக்குள் புதையும். இலை செய்யும் உணவு தோல் வழியாகத்தான் இறங்குகிறது. வழி அடைபட்டால் கட்டுக்கு மேலே தண்டு புடைக்கும், கீழே வேர் பட்டினி கிடக்கும். ஒரு காற்றில் சரியாக அந்த இடத்தில் முறியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கட்டையும் பார்த்துத் தளர்த்துங்கள்.

மாவுப்பூச்சியின் முதல் அடையாளம் வளைவின் காலில் ஏறும் எறும்பு வரிசை. வரிசை எங்கே போகிறது என்று பாருங்கள், கூட்டம் அங்கே இருக்கும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், முதலில் 2 மில்லி சோப்புக் கரைசலோடு குழைத்து, பிறகு தண்ணீர். வெயில் சாய்ந்த பிறகு அடியுங்கள், இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும்.

வாசல்பந்தல்:

மிக்க நன்றி. காகிதப்பூவை விட்டுவிட்டேன், இரண்டு பக்கமும் பூண்டுக்கொடி. சுவரைப் பற்றி இன்னும் இரண்டு சந்தேகம். சுவர் 11 சென்டிமீட்டர் தடிமன் கொண்ட ஒற்றைச் செங்கல் சுவர், இரு பக்கமும் பூச்சு. 5 சென்டிமீட்டர் கண்ணுள்ள பிளாஸ்டிக் உறையிட்ட டைமண்ட் வலை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதையே சுவரில் ஆணியடித்து மாட்டிவிடலாமா? அப்புறம், கான்கிரீட் போட்டு எத்தனை நாளில் செடி நடலாம்?

சட்டமும்_ஆணியும்:

வலையைச் சுவரோட ஒட்டி அடிச்சா மூணு சிக்கல். கொடி பின்னால நுழைய இடமில்லாம முன்பக்கமே பொதியா தொங்கும். காத்து ஓடாததால இலைக்குப் பின்னாடி ஈரம் நின்னு பூஞ்சை நோய் வரும், பூச்சு பொரியும். நாலு வருஷம் கழிச்சுச் சுவருக்கு வெள்ளையடிக்கணும்னா கொடியை வெட்டித்தான் எறியணும், வலைக்கண்ணுல பின்னின தண்டைப் பிரிக்க முடியாது. இதுல டைமண்ட் வலை ரொம்ப மோசம். வலையைக் காய்கறிப் பந்தலுக்கு வச்சுக்குங்க. பருவம் முடிஞ்சா கொடியோட உருவி எறியற இடத்துக்குத்தான் அது.

11 சென்டிமீட்டர் சுவர்ல தட்டியைத் தொங்கவிடறதே எனக்கு உடன்பாடு இல்லை. மனோரஞ்சிதம் முத்தினா தண்டு மரமாகும், எடை வருஷத்துக்கு வருஷம் ஏறும். சுவருக்கு முன்னாடி 10 சென்டிமீட்டர் தள்ளி, 40 மில்லிமீட்டர் சதுரப் பைப் கால் மூணு, 1.5 மீட்டருக்கு ஒண்ணா, 50 சென்டிமீட்டர் ஆழக் கான்கிரீட்டுல தனியா நிறுத்துங்க. குழி தோண்டும்போது சுவரோட அஸ்திவாரம் தட்டுப்பட்டா அதை உடைக்காம இன்னும் தள்ளிப் போடுங்க. சுவர்ல வெறும் பிடிமானத்துக்கு, ஒவ்வொரு காலுக்கும் 1.7 மீட்டர் உயரத்துல ஒரே ஒரு கிளாம்ப்: 8 மில்லிமீட்டர் துளை, 50 மில்லிமீட்டர் ஆழம், நைலான் பிளக். துளை செங்கல் நடுவுல விழணும், சாந்து இணைப்புல விழுந்தா முதல் காத்துலயே உருவிடும். அங்கங்க மெல்லிய ஆணி தட்டிப் பார்த்தா எங்க இணைப்பு இருக்குன்னு தெரியும். இந்தக் கிளாம்ப் எடையைத் தாங்காது, தாங்கவும் வேணாம். முன்னே பின்னே ஆடாம பிடிச்சாப் போதும்.

கால்களுக்கு நடுவுல 12 கேஜ் கம்பி கிடைமட்டமா, முதல் வரிசை 40 சென்டிமீட்டர்ல, அப்புறம் 40க்கு ஒண்ணா நாலு வரிசை. ஒரு முனையில கண் போல்ட் (தலையில வளையம் உள்ளது), மறுமுனையில டர்ன் பக்கிள் (கம்பியை இறுக்கற திருகு). கையால இழுத்து முறுக்கின கம்பி ஆறு மாசத்துல தொய்யும், டர்ன் பக்கிள் இருந்தா ரெண்டு சுத்து சுத்தினாச் சரி. ஆனா முறுக்குறது அளவோட. ஓரக் கால் ரெண்டும் உள்பக்கம் வளையற வரைக்கும் இழுத்துட்டு 'கம்பி டைட்டா இருக்கு'ன்னா பிரயோஜனம் இல்லை. ஓரக் காலுக்கும் நடுக் காலுக்கும் உச்சியில ஒரு 25 மில்லிமீட்டர் பைப் குறுக்கே வெல்ட் பண்ணிட்டா அந்தக் கவலை இல்லை.

சங்குப்பூவுக்குக் கிடைமட்டக் கம்பி பத்தாது, கொடிக்கால் சொன்ன மாதிரிதான். ரெண்டு ஓரத்துலயும் மேல் கம்பியிலிருந்து தரைக்குச் சணல் கயிறு 15 சென்டிமீட்டருக்கு ஒண்ணா தொங்கவிட்டு, கீழே ஒரு முளையில கட்டுங்க. பருவம் முடிஞ்சதும் கயிறோட சேர்த்து வெட்டி உரக்குழியில போட்டுடலாம்.

கொடிக்கால்:

நடும் நாளைப் பற்றி. ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு வடிந்த நீரெல்லாம் சுண்ணாம்பு நீர்தான், பாத்திப் பக்கம் போக விடாதீர்கள். சாக்கு எடுத்த பிறகு குழியோரம் சிந்திய சாந்துக் கட்டிகளைப் பொறுக்கி எடுத்து, நல்ல தண்ணீர் இரண்டு முறை விட்டு வடிய விடுங்கள். மேட்டுப் பாத்தி போட்டு, மண் ஒரு மழையிலோ நான்கைந்து தண்ணீரிலோ அமர்ந்த பிறகு நடலாம். எல்லாம் சேர்த்து மூன்று வாரம் ஆகும். அமராத மண்ணில் நட்டால் பாத்தி இறங்கும்போது செடியின் கழுத்துப் பகுதி பள்ளத்தில் மாட்டும். களிமண்ணில் அது அழுகலுக்கு அழைப்பு.

பெயின்ட் வேலையை நடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இரும்புக்குக் கறுப்பு அடிக்க வேண்டாம். உச்சி வெயிலில் கறுப்புப் பைப் தொட முடியாத அளவுக்குச் சூடாகும், அதைத் தொடும் இளந்தளிர் கருகும், பற்றுக்கம்பி பிடிக்காமல் விலகும். வெளிர் சாம்பல் அல்லது வெளிர் பச்சை போதும். முதல் கோடையில் கால்களில் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி வைத்தால் பூண்டுக்கொடிக்குப் பிடியும் கிடைக்கும், சூடும் தாக்காது.

மொட்டைமாடி:

இடையில் ஒரு கேள்வி. இதே வளைவை மாடியில் வைப்பதானால் கால்களை எதில் ஊன்றுவது? தளத்தில் துளை போட விருப்பமில்லை.

சட்டமும்_ஆணியும்:

துளை போடவே வேணாம், தண்ணி ஒழுகாம போட்ட பூச்சு போயிடும். ஒவ்வொரு காலையும் 60 லிட்டர் தொட்டியில நிறுத்தி, அடியில 20 சென்டிமீட்டருக்குக் கான்கிரீட், மேலே மண். ஊத்தறதுக்கு முன்னாடி தொட்டியோட வடிகால் ஓட்டையில பிளாஸ்டிக் குழாயை நிறுத்தி, கான்கிரீட்டுக்கு மேல வரைக்கும் கொண்டுவந்துடுங்க, மறந்தா தொட்டி குளமாயிடும். ஈர மண் லிட்டருக்கு 1.7 கிலோ, கான்கிரீட் 2.4, ஒரு தொட்டி 110 கிலோவைத் தாண்டும், நாலும் சேர்ந்தா அரை டன் பக்கம். தளத்தோட நடுவுல வைக்காம, கீழே சுவரோ உத்திரமோ ஓடற கோட்டுக்கு மேல வையுங்க, பழைய கட்டடம்னா ஒரு பொறியாளர்கிட்டக் காட்டிட்டு வையுங்க. மாடிக் காத்து தரைக் காத்தைவிட வேகம், அதனால உயரத்தை 2.1 மீட்டராக் குறைச்சு, காலோட அடியை நாலு பக்கமும் 25 மில்லிமீட்டர் பைப்பால ஒண்ணா இணைச்சிடுங்க. பாதைக்குக் குறுக்கே போற ரெண்டு பைப்பும் தளத்தோட ஒட்டி ஓடட்டும், இல்லேன்னா கால் தடுக்கும்.

மண்ணுக்கு 40 லிட்டர்தான் மிஞ்சும், பூண்டுக்கொடிக்கு அது போதாது. அங்கே சங்குப்பூ, பாகல் மாதிரி ஒரு பருவக் கொடியே வையுங்க.